பதினோரு நாள் ஓடிய படம்

படம் வெளிவருவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் ஐம்பதாவது நாள் அச்சாகிவிட்டது.

இதில் மோசடி ஒன்றும் இல்லை. அச்சகத்து வழக்கம் அது. சினிமா சுவரொட்டியை நாலு நிறத்தில் அடித்து முடித்தபிறகு, அதன் நெற்றியில் குறுக்கே ஒட்ட நீளத்தாள்கள் வேண்டும். ‘வெற்றிகரமான இரண்டாவது வாரம்’, ‘இருபத்தைந்தாவது நாள்’, ‘ஐம்பதாவது நாள்’. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெஷினைக் கழுவி மை ஊற்ற யாரால் ஆகும்? அதனால் மூன்றையும் ஒரே தாளில் அடுக்கி அடித்து, வெட்டி, மூன்று கட்டாகக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். படம் ஓட ஓட ஒவ்வொரு கட்டாக அவிழும். அவிழாத கட்டு எதிர் டீக்கடைக்குப் போகும். அந்தக் கடையில் ரொட்டி வாங்குகிறவர்கள் ஐம்பது நாள் ஓடாத படங்களின் ஐம்பதாவது நாளில்தான் கை துடைப்பார்கள்.

மற்றப் படமென்றால் ஃபோர்மேன் இந்தத் தாள்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இது அவர் தம்பி எடுத்த படம். ஐம்பதாவது நாளின் புரூப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, ஒரு நட்சத்திரம் போதாது, இரண்டு பக்கமும் வேண்டும் என்றார்.

“இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு சார். நூறாவது நாளையும் சேத்துடலாமா?” என்று கேட்டார் மெஷின்காரர். நகக்கண்ணில் ஏறிய மை எத்தனை மண்ணெண்ணெய் போட்டும் இறங்காததால் அவருக்கு மசி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“பேராசப்படக் கூடாது மசி. அம்பது போதும்,” என்று ஃபோர்மேன் அடக்கத்தோடு சொன்னார்.

முப்பத்தொரு வருஷமாக அந்த அச்சகத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். புரூப்பின் வலது மூலையில் அவருடைய சிவப்பு மைக் கையெழுத்து விழாமல் ஒரு தாள் நகராது. முதலாளியின் மகள் திருமணப் பத்திரிகையையே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். தப்பு கண்டுபிடிப்பது வேலை என்பதைத் தாண்டி, அது அவருக்கு மூச்சுவிடுகிற மாதிரி. மருந்துச்சீட்டில் திருத்துவார். பஸ் நிறுத்தத்துப் பலகையில் திருத்துவார். மனைவி எழுதிய சாமான் லிஸ்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கடைக்குப் போவார். வீட்டில் சோப்புப் பிரித்தால் உறையின் மேல் தேதி எழுதி வைப்பார். வந்த விருந்தாளி கிளம்பும்போது வாசலில் நின்று நிகழ்த்துகிற வழியனுப்புரையில் இரண்டு பஸ்ஸாவது போய்விடும். இத்தனைக்கும் நல்ல மனிதர். அதுதான் சிக்கல், கெட்ட மனிதராக இருந்தால் எல்லாரும் எதிர்த்துப் பேசிவிட்டுப் போயிருப்பார்கள்.

தம்பி பதினைந்து வருஷம் பெரிய ஊரில் யார் யாருக்கோ உதவி இயக்குநராக இருந்து கடைசியில் தானே ஒரு படம் எடுத்துவிட்டான். குடும்பச் சிரிப்புப் படம். பெயர் ‘எல்லாம் அப்பா சொல்படி’. அப்பா ஒரு தலைமை ஆசிரியர். வீட்டில் இவர் சொல்லாமல் இலை அசையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மகளை விரும்புகிற பையன் எழுதிய கடிதம் இவர் கையில் சிக்குகிறது. அது காதல் கடிதம் என்பதே தெரியாமல், மகளின் தோழி யாரோ எழுதியது என்று நினைத்து, சிவப்பு மையால் பதினாலு தப்பைத் திருத்தி மகளிடமே கொடுக்கிறார். பிறகு அம்மாவும் மகளும் சேர்ந்து அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுத்து அவர் பாதையில் நிறுத்துகிறார்கள். பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒரு தப்பு இருப்பதைப் பையன் காட்ட, அப்பா சொக்கிப்போய், நானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி மணம் முடித்து வைக்கிறார். கடைசிக் காட்சியில் மணமேடைக்குப் பக்கத்தில் நின்று அவர் பெருமையடிக்க, குடும்பமே சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

முதல் காட்சிக்கு ஃபோர்மேன் அச்சகம் முழுவதையும் கூட்டிக்கொண்டு போனார். மனைவி, மகள், மாப்பிள்ளை எல்லாரும் ஒரே வரிசை. கடிதக் காட்சியில் தியேட்டர் குலுங்கியது. எல்லாரைவிடவும் சத்தமாகச் சிரித்தவர் ஃபோர்மேன்தான். முன்சீட்டைத் தட்டினார். இருமல் வந்தது. “என்னா மண்டு இவன்,” என்று மாப்பிள்ளையின் தொடையில் ஒரு அடி வைத்தார். மாப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மனைவி மட்டும் இருட்டில் அவர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் அவரே விளக்கம் கொடுத்தார்.

“அந்த நோட்டீஸ் போர்டு சீன் இருக்குல்ல மசி, அது நம்ம வீட்டு விஷயம். மாப்பிள்ளை விசிட்டிங் கார்டு அடிக்க இங்க வந்தாரு பாரு. நான் பாத்து முடிச்ச புரூப்புல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சுன்னு சொன்னாரே. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவன்தான் நம்ம வீட்டுக்குன்னு.”

“ஞாபகம் இருக்கு சார். அதுக்கு எனக்கு விழுந்த திட்டும் ஞாபகம் இருக்கு.”

“எழுத்து விழலன்னா திட்டாம? தம்பி அத ஞாபகமா வெச்சு எடுத்திருக்கான். அண்ணனுக்கு ஒரு மரியாத மாதிரி.”

“அப்ப அந்த லெட்டரு? வீடே சேந்து ஏமாத்தறது?”

“அதெல்லாம் கற்பனை. டைரக்டர்னா கொஞ்சம் கற்பனை வேணாமா?”

மசி டீ கிளாஸுக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் மூன்று நாள் கூட்டமாக ஓடியது. நாலாம் நாள் மழை பிடித்தது. ஏழாம் நாள் பால்கனியைப் பூட்டினார்கள். ஒன்பதாம் நாள் மாலைக் காட்சியில் ஃபோர்மேனும், திரையைப் பார்க்க வராத ஒரு ஜோடியும், மழைக்கு ஒதுங்கிய ஒரு காய்கறிக்காரரும் இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் காலை அங்கே ஒரு சண்டைப் படத்தின் சுவரொட்டி தொங்கியது. இருபத்தைந்தும் ஐம்பதும் அவிழாமலேயே டீக்கடைக்குப் போயின. ஃபோர்மேன் அந்த மாதம் முழுவதும் டீயை அச்சகத்துக்குள்ளேயே வரவழைத்துக் குடித்தார். படத்தை மொத்தம் ஏழு தடவை பார்த்திருந்தார்.

விநியோகஸ்தர் நேரில் வந்து துக்கம் விசாரித்தார். “படம் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா டிக்கெட் வாங்கிட்டு வந்து அப்பாவ யாரு பாப்பாங்க? அவருதான் வீட்லயே இருக்காரே.”

அவர் அறியாமல் சொன்னதுதான் நாலு மாதம் கழித்துப் பலித்தது. படம் டிஸ்க்காக வந்தது. உறை அச்சடிக்கும் வேலையும் இதே அச்சகத்துக்குத்தான். முதலில் மூவாயிரம் உறை. அது போன வேகத்தில் ஐயாயிரம். அடுத்து பத்தாயிரம். தியேட்டரில் சீந்துவாரில்லாத படத்தை வீட்டுக்கு வீடு போட்டுப் பார்த்தார்கள். காரணம் பெரிய ரகசியமில்லை. தியேட்டரில் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். வீட்டில் எல்லாரும் அப்பாவைப் பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அப்பா நாற்காலியில் சாய்ந்து, இது அடுத்த வீட்டுக்காரன் கதை என்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, மனைவி மக்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை சிரித்தார்கள்.

தம்பியின் பேட்டி ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. ‘என் படம் தியேட்டரில் தோற்கவில்லை. காலத்துக்கு முன்னால் வந்துவிட்டது’ என்று சொல்லியிருந்தான். நாலே மாதத்தில் காலம் ஓடிவந்து எட்டிப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. ஃபோர்மேன் அந்தப் பக்கத்தை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார், இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி.

ஊரெல்லாம் இருந்த டிஸ்க் அவர் வீட்டில் மட்டும் இல்லை. கேட்டால் பிளேயர் ரிப்பேர் என்றாள் மனைவி. மாப்பிள்ளையிடம் சொன்னால், கொண்டுவரேன் மாமா என்பார், மறந்துவிடுவார். இதிலெல்லாம் ஒரு ஒழுங்கு இருப்பதாக ஃபோர்மேனுக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானே ஒரு டிஸ்க்கைப் புது உறையில் போட்டுக் கொண்டுவந்தார். ரிப்பேர் என்ற பிளேயர் தட்டாமலே ஓடியது.

வெளியே பிசுபிசுவென்று மழை. காயாத துணியெல்லாம் கூடத்துக் கொடியில் தொங்கிற்று. சாப்பிட்டு முடித்த தட்டுகளில் முட்டை வாசனை. மகளும் மாப்பிள்ளையும் கிளம்புவதற்கு எழுந்தார்கள்.

“உக்காருங்க மாப்ளே. மழ விடட்டும். குடும்பப் படம், குடும்பத்தோட பாக்கணும்.”

“ஏழு தடவ பாத்தது போதாதா?” என்றாள் மனைவி.

“தியேட்டர்ல என்னத்தப் பாத்தோம்? ஒரே சத்தம்.”

படம் ஓடியது. அவர் சிரிக்கவேண்டிய இடத்துக்கு அரை நிமிஷம் முன்னாலேயே சிரித்தார். கடிதக் காட்சி வந்தது. தலைமை ஆசிரியர் சிவப்புப் பேனாவை உதறிக்கொண்டு கடிதத்தின் மேல் குனிந்தார். திரை முழுக்கக் கடிதம். தியேட்டரில் இது மூன்று விநாடி, சிரிப்பில் போய்விடும்.

“நிறுத்து, நிறுத்து,” என்று ஃபோர்மேன் ரிமோட்டைப் பிடுங்கினார். “திருத்தற குறியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கானான்னு பாப்போம். சினிமாக்காரங்க இதுல கோட்ட விட்டுருவாங்க.”

“அப்பா, வேணாம்பா. போட்டு விடுங்க,” என்றாள் மகள்.

அவர் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனார்.

குறிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. நீக்கவேண்டிய எழுத்தின் மேல் பன்றிவால் போல ஒரு சுழி. சுழிக்கு அடியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை உலகத்தில் வேறு எந்தப் புரூப் ரீடரும் வைப்பதில்லை. அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஓரத்தில் சிவப்பில் ஒரு வரி: ‘கவனம் போதாது. மீண்டும் எழுதவும்.’ அதன் கீழே தேதி. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவர் திரும்பவில்லை. அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என் கையெழுத்து மாதிரியே இருக்கே,” என்றார்.

கொடியில் ஒரு சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தம்பி பாத்து வரஞ்சிருப்பான். என் புரூப்பு எதையாவது வெச்சு.”

அது அவர் திறந்துவிட்ட கதவு. ஆமாம் என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்த வழியாகவே எல்லாரும் வெளியே போயிருக்கலாம். அவரே முதல் ஆளாகப் போயிருப்பார். ஆனால் மாப்பிள்ளை அடிப்படையில் பொய் சொல்ல வராத பையன். சொல்லிக்கொடுத்தால்தான் சொல்வார்.

“அது ஒரிஜினல்தான் மாமா.”

“ஒரிஜினல்னா?”

“நான் எழுதினது. அவளோட தோழி எழுதினதுன்னு நெனச்சு நீங்க திருத்தினது.”

“பதினாலு தப்பு.”

“இப்ப குறைஞ்சிருக்கு மாமா.”

மகள் தன் புருஷனின் கையைக் கிள்ளினாள். ஃபோர்மேன் மெதுவாக நாற்காலியோடு திரும்பினார். அப்போதுதான் கவனித்தார், ஒருத்தரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. படம் ஆரம்பித்ததிலிருந்தே பார்க்கவில்லை போலிருந்தது.

“அப்ப அந்த விசிட்டிங் கார்டு? துணைக்காலு?”

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“முந்தின நாள் புரூப்ப வீட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்க. நீங்க பாத்து முடிச்சப்புறம் பிளேடால ஒரு கால சொரண்டிட்டேன். எந்த வரின்னு இவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்.”

“நான் பாத்து முடிச்சப்புறமா?”

“ஆமா. அதுக்கு முந்தி சொரண்டினா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்களே.”

அதை அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது எங்கேயோ போய் இறங்கியது. ஆறு வருஷமாக, கல்யாணத்துக்கு வந்தவர்கள், வராதவர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் என்று ஒருத்தர் விடாமல், நானே தேடிப் பிடித்த மாப்பிள்ளை என்று சொல்லியிருந்தார். வாழ்நாளில் புரூப் திருத்தியது தவிர அவர் தானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மழையிலேயே மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். வழியனுப்புரை இல்லாததால் அன்று முதல் தடவையாக அவர்களுக்கு முதல் பஸ்ஸே கிடைத்தது.

சமையலறை வாசலில் போய் நின்றார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த லெட்டர் தம்பி கைக்கு எப்படிப் போச்சு?”

“நான்தான் குடுத்தேன். ஒருநா பாத்துட்டுத் தரேன் அண்ணின்னாரு. அதையே படத்துல காட்டுவாருன்னு எனக்குத் தெரியாது.”

“மத்ததெல்லாம் தெரியும்.”

“தெரியும்.”

“எத்தன வருஷமா அவனுக்குச் சொல்லிட்டிருக்க?”

“அவரு அங்க போனதுலேர்ந்து. வாராவாரம் போன் போடுவாரு. அண்ணி, வீட்ல என்ன விசேஷம்னு கேப்பாரு. நம்ம வீட்ல என்னங்க விசேஷம் இருக்கு? நீங்கதான்.”

“சோப்பு உறையுமா?”

“அதெல்லாம் ஆரம்பத்துலயே சொல்லியாச்சு.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணு ஆசப்படறான்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?”

யோசித்தார். மற்ற எந்தக் குறை இருந்தாலும் அவரிடம் பொய் இல்லை. “பதினாலு தப்போடயா? மாட்டேன்.”

“அப்புறம் என்ன?”

“சரி. அது பொண்ணுக்காகப் பண்ணின. அத விடு. தம்பிகிட்ட சொன்னது யாருக்காக?”

அவள் குழாயை மூடினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்த பிறகும்.

“அவரு சிரிப்பாரு,” என்றாள். “நான் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிப்பாரு. அண்ணி, இன்னொரு வாட்டி சொல்லுங்கம்பாரு. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆச்சு. நான் ஒண்ணு சொல்லி ஒருத்தர் சிரிச்சதில்ல. நான் பேசினா நீங்க பாதியில திருத்துவீங்க.”

“நான் சிரிச்சேனே. தியேட்டர்ல. ஏழு தடவ.”

“ஆமா,” என்றாள். “மொத நாள் நீங்க சீட்டத் தட்டித் தட்டிச் சிரிச்சீங்களே. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். திருடியவள் திருட்டுப்பொருளை அவர் கையிலேயே கொடுத்து, எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்கிறாள்.

அன்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் சொல்வதற்கு எதுவும் கொடுக்கக்கூடாது. பேச்சு இல்லை. இருமல்கூடக் கணக்காக. போட்டதைச் சாப்பிட்டார். சாமான் லிஸ்டில் தப்பு கண்ணுக்கு நேராகக் கிடந்தும் அப்படியே கடைக்குக் கொண்டுபோனார். புதுச் சோப்பின் உறையைத் தேதி போடாமல் கசக்கி எறிந்தார். ஒரு மனிதர் தன்னையே அழித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. ஆனாலும் அதில் அவருக்கு ஒரு திருப்தி. வாராவாரம் வருகிற போன் இந்த வாரமும் வரும். என்ன விசேஷம் என்று தம்பி கேட்பான். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லியாகவேண்டும். அந்த ஒரு ‘ஒன்றுமில்லை’க்காகத்தான் அவர் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் அச்சகத்தில் முதலாளியே மாடியிலிருந்து இறங்கிவந்தார். “ஃபோர்மேன், உங்க தம்பி கலக்கிட்டாருய்யா. இருபதாயிரம் உறை. ரெண்டாம் பாகம் வேற எடுக்கறாராம். புரூப்ப உடனே பாத்துக் குடுங்க, சாயங்காலம் மெஷின் ஏறணும்,” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவர் முகத்தைப் பார்த்து எதையோ விழுங்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

மசி புரூப்பைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். உறையின் பின்பக்கம் புதிது. நடுவில் பெரிதாக அந்தக் கடிதம். மேலே, ‘நீங்கள் நிறுத்தி நிறுத்திப் படித்துச் சிரித்த கடிதம், இப்போது உங்கள் கையில்.’ ஊரே அவரைப் போலவே ரிமோட்டைப் பிடுங்கியிருக்கிறது. கடிதத்தில் சுழி, சுழிக்கடியில் புள்ளி, ஓரத்தில் ‘மீண்டும் எழுதவும்’ எல்லாம் தெள்ளத்தெளிவாக விழுந்திருந்தன. நல்ல அச்சு.

மசி பக்கத்திலேயே நின்றார். மெஷின் கூடத்தில் இரண்டாவது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு மேலே பேசவேண்டியிருந்தது.

“மசி, இது என் கையெழுத்துன்னு உனக்குத் தெரியுமா?”

“இங்க யாருக்கு சார் தெரியாது? முப்பது வருஷமா அந்தப் புள்ளியப் பாத்துதான மெஷின் ஓட்டறோம்.”

“எப்பத் தெரியும்?”

“மொத ஷோவுலயே. ஸ்கிரீன்ல வந்ததும் எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

மசி உண்மையிலேயே திகைத்துப்போனார். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் சார். தெரிஞ்சே ஏழு தடவ பாக்கறாரு, சத்தமா சிரிக்கறாரு, கற்பனைன்னு நம்மகிட்ட சமாளிக்கறாரு, எவ்வளவு பெரிய மனசுன்னு பேசிக்கிட்டோம்.”

ஃபோர்மேன் மேஜையில் புரூப்பை இழுத்து நேராக்கி வைத்தார்.

“அந்தத் துணைக்காலு விஷயத்துல மட்டும்,” என்று மசி தொடர்ந்தார், “எனக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கு. என் மெஷின்ல எழுத்து விழாம இருந்ததே இல்ல. ஒரு வாரம் எங்கூடப் பேசல நீங்க.”

“அது உன் தப்பு இல்ல.”

“தெரியும் சார். படத்துல பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாய்வரை வந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வழியாக அது வந்ததில்லை. பாதியிலேயே வழி தவறிப்போயிற்று. புரூப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தார். தயாரிப்பாளர் பெயர், விலாசம், எச்சரிக்கை வாசகம், ஓரத்துப் பொடியெழுத்து எல்லாம் படித்தார். ஒரே ஒரு தப்பு கிடைத்தால் போதும், இன்னொரு நாளாவது தள்ளிப்போடலாம். இல்லை. முதல் தடவையாக ஒரு புரூப்பில் தப்பே இல்லாதது அவரைச் சங்கடப்படுத்தியது. வலது மூலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மெஷின் ஏறியது. இருபதாயிரம் தடவை.

தலைவலி என்று சொல்லிவிட்டு வழக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். மழை விட்டு, தெருவெல்லாம் வெளிறின வெயில். வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே மனைவியின் குரல் கேட்டது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

வாசலுக்கு முதுகைக் காட்டியபடி அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“…பேச்சே இல்லீங்க. மூணு நாளா ஒரு வார்த்த கெடையாது. சாப்பாடு போட்டா சாப்பிடறாரு. உப்பில்லன்னாலும் சாப்பிடறாரு. நேத்து நான் வேணும்னே உப்பு போடல. ம். அதயும் முழுங்கிட்டாரு. அந்த மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.”

போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சின்னவயசிலிருந்து அவருக்குத் தெரிந்த சிரிப்பு.

“இருங்க, கேளுங்க. சாமான் லிஸ்ட்டுல வேணும்னே நாலு எழுத்த தப்பா எழுதி மேஜ மேல வெச்சேன். வராரு. பாக்கறாரு. கை இப்படிப் போகுது பேனாகிட்ட. உடனே இழுத்துக்கிட்டு, பாக்கெட்டுல விட்டுக்கறாரு. மறுபடி பாக்கறாரு. மறுபடி கை…”

அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை நடித்துக் காட்டினாள். போனில் அது தெரியாது என்றாலும் காட்டினாள். கை பேனாவுக்குப் போய், தயங்கி, பாக்கெட்டுக்குள் ஒளிந்துகொண்டது. அச்சு அசல் அவர் கை. அந்த விரல்களின் தயக்கம் தனக்கே இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. போனுக்குள் தம்பி மூச்சு முட்டிச் சிரித்தான். நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கட்டிய சுவர், அந்தப் பக்கத்தில் ஒரு காட்சியாக எழும்பி நின்றுகொண்டிருந்தது. ஒன்றுமில்லை என்பதிலும் அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருந்தது.

“அட, மூணு நாளும் இதே கூத்துதாங்க,” என்றாள் அவள்.

“நாலு நாள்,” என்றார் ஃபோர்மேன்.

அவள் திரும்பினாள். கை அவருடைய கையாகவே காற்றில் நின்றது.

“ஞாயித்துக்கெழமையையும் சேத்தா நாலு நாள்,” என்றார் அவர். குரல் நாலு நாள் துருவோடு வந்தது. “மூணு இல்ல.”

போனை வைத்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் கட்டைவிரல் போனை அணைக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதை அழுத்தினால், கேள்வி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்க் கைகால் அலம்பிக்கொண்டு உட்கார்ந்து, டீ கொண்டுவா என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பத்து வார்த்தைகூட வேண்டாம். அது போதும்.

அந்த அமைதியில் போனுக்குள்ளிருந்து தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. சிரிப்பு அடங்கி, வேலையில் இறங்கிவிட்ட டைரக்டரின் குரலாக மாறியிருந்தது.

“அண்ணி, அண்ணன்தான? இப்ப என்ன சொன்னாரு?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, சொன்னாள்.